மூட்டிய பலகை

ஜெய்னுதீன் கடையில் சொன்ன விலைக்குத் துணி வாங்கிப் போனவர்கள் இரண்டே வகைதான். ஒன்று, கழுத்தில் கேமராவோடு வரும் வெள்ளைக்காரர்கள். மற்றது, வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொள்ள அவசரத்தில் இருப்பவர்கள். கே.எல். நகரின் பிரிக்ஃபீல்ட்ஸில் மிச்சமுள்ள அத்தனை பேரும் பேசித்தான் வாங்கினார்கள். பேசாமல் வாங்குகிறவர்கள் மேல் அவருக்கு மரியாதையும் கிடையாது. சாப்பாட்டை மெல்லாமல் விழுங்குகிறவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

கடை வாசலில் அவருக்கு முப்பத்தொரு வருஷமாக ஒரு பிரம்பு நாற்காலி. அதில் உட்கார்ந்தபடியே ஜாலான் துன் சம்பந்தன் தெருவில் நடப்பவர்களில் பாதிப் பேரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். செராஸிலிருந்து சேலை எடுக்க வரும் லோகேஸ்வரி டீச்சர் மாதிரி ஆட்கள் வந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குத் திருவிழா. டீச்சர் ஒரு சேலைக்கு முக்கால் மணி நேரம் பேசுவார். கடைசிப் பத்து வெள்ளியில், அதாவது பத்து ரிங்கிட்டில், வந்து இருவரும் முட்டிக்கொண்டு நிற்கும்போது, ஜெய்னுதீன் தன் கைவசமிருந்த கதையை எடுப்பார்.

"டீச்சர், நீங்க சேலைக்குப் பேசுறீங்க. நான் நிக்காஹ் பேச்சுலயே பேசினவன். மஹர், அதான் மாப்பிள்ளை பொண்ணுக்குக் குடுக்கிறது, பதினொரு பவுன்னாங்க. நான் அஞ்சுன்னேன். ஏழுல முடிஞ்சிச்சு. பொண்டாட்டியையே டிஸ்கவுன்ட்ல எடுத்தவன்கிட்ட பத்து வெள்ளி குறைக்கப் பாக்குறீங்களே லா!"

டீச்சர் சிரிப்பார். சிரித்தவர் அந்தப் பத்து வெள்ளியைக் கொடுத்துவிட்டுப் போவார். அந்தக் கதைக்கு அத்தனை பலம். சில நாள் அவர் மனைவி சௌதாவும் கடையில் இருப்பாள், டீ பிளாஸ்க்கோடு. அவள் சிரித்தாளா என்று ஜெய்னுதீன் பார்த்ததில்லை. வியாபாரம் முடிந்த பிறகு திரும்பிப் பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

வாங்குகிற இடத்திலும் அவர் அதே ஆள்தான். அங்கே ஒரே ஒரு பயம் வைத்திருந்தார்: தான் கேட்ட முதல் விலைக்கே எதிராளி சரி என்றுவிட்டால் உடனே துணியை வெளிச்சத்தில் விரித்து ஓட்டை தேடுவார். ஒரு முறை மொத்த வியாபாரி ஒருவன் நாற்பது கட்டு கைலியை அவர் கேட்ட முதல் விலைக்கே தள்ளிவிடப் பார்த்தான். ஜெய்னுதீன் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார். அடுத்த மாதம் அந்தக் கைலியைக் கட்டியவர்கள் இடுப்பெல்லாம் பச்சையாகத் திரிந்ததாகக் கேள்வி.

இப்படிப்பட்டவருக்கு வந்து வாய்த்த பங்காளி நுஃமான். சௌதாவின் கூடப் பிறந்த தம்பி. கடையில் சரிபாதி அவனுடையது. நாற்பத்தொன்பது வயது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்டிக்கர் சுருள். அவன் கட்சி 'ஒரே விலை'. சேலைக்கு, வேட்டிக்கு, கைக்குட்டைக்குக்கூட விலைச் சீட்டு ஒட்டினான். வருகிற பெண்பிள்ளைகள் சீட்டைப் பார்ப்பார்கள், கைப்பேசியை நீட்டிப் பணம் கட்டுவார்கள், போய்க்கொண்டே இருப்பார்கள். ஜெய்னுதீன் நாற்காலியில் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் அவர் ஒரு சேலையைத் தொண்ணூறு என்று ஆரம்பித்து, வேர்வை சிந்தி, எழுபத்தைந்துக்கு இறங்கி வந்து, "உங்க மூஞ்சிக்காகக் குடுக்குறேன்" என்று முடித்தார். அந்த அம்மாள் சேலையைத் திருப்பினாள். அறுபத்தொன்பது வெள்ளி தொண்ணூறு காசு என்று நுஃமானின் சீட்டு சிரித்தது.

அன்றோடு ஒரே வாசலில் இரண்டு பேர் முடியாது என்று ஆகிவிட்டது. கடைகள் இரண்டு. பிரிக்ஃபீல்ட்ஸில் இது, ரயில் ஏறிப் போக வேண்டிய கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானாவில் ஆறு வருஷத்துக்கு முன் திறந்தது. பங்கு எப்போதும்போல் சரிபாதியாகவே இருக்கட்டும், ஆளுக்கு ஒரு கடையில் உட்காரலாம் என்பதில் தகராறு இல்லை. யார் எதில் என்பதில்தான். இருவருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸே வேண்டும். ஜெய்னுதீனுக்கு அது வேண்டும் என்பதுகூடச் சரியில்லை, அது இல்லாமல் அவர் யார் என்று அவருக்கே தெரியாது. கிள்ளானில் அவரைத் தெரிந்தவர்கள் பத்துப் பேர். பிரிக்ஃபீல்ட்ஸில் அவரைத் தெரியாதவர்கள் பத்துப் பேர்.

"சீட்டு எழுதிக் குலுக்கிடலாம் மச்சான்" என்றான் நுஃமான்.

"சீட்டுக்கிட்ட எப்படிடா பேசுறது?" என்றார் ஜெய்னுதீன். "வெய்ச்சி ஆடுவோம். ஜெயிச்சவன் இங்க, தோத்தவன் அங்க."

வெய்ச்சி என்பது சீனர்கள் ஆடும் கல் விளையாட்டு. ஜப்பான்காரர்கள் கோ என்பார்கள். பின்தெருவில் பித்தான் வியாபாரம் செய்த ஆ செங் இருவருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டு, கடையை மூடிப் போகும்போது பலகையையும் கொடுத்துவிட்டுப் போனார். குறுக்கே பத்தொன்பது கோடு, நெடுக்கே பத்தொன்பது கோடு. கோடுகள் வெட்டும் இடங்களில் ஒருவர் கறுப்புக் கல்லும் ஒருவர் வெள்ளைக் கல்லும் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். எதிரியின் கல்லைச் சுற்றி வளைத்தால் அது செத்தது. காலி நிலத்தைச் சுற்றி வேலி கட்டினால் அது உன்னுடையது. கடைசியில் யாரிடம் நிலம் அதிகமோ அவருக்கு வெற்றி. பதினாலு வருஷமாக வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து பிரியாணியும் முடிந்த பிறகு, கடைக்குப் பின்னால் துணி வெட்டும் மேசையில் ஒரு ஆட்டம். சௌதா டீ கொண்டு வருவாள்.

அந்தப் பதினாலு வருஷமும் ஜெய்னுதீன்தான் ஜெயித்தார். அதற்கு ஒரே வித்தை: மூலை. பலகையின் மூலையில் இரண்டு பக்கம் சுவர் இலவசம். மீதி இரண்டு பக்கம் வேலி போட்டால் போதும். நடுவில் என்றால் நாலு பக்கமும் கட்ட வேண்டும். "மலிவா கெடைக்கிற நெலத்தை விட்டுட்டு எவனாச்சும் நடுவுல போவானா?" என்று கேட்டபடியே நாலு மூலைகளையும் மடியில் கட்டிக்கொள்வார்.

நுஃமானுக்கு இது தெரியாதா?

"ஆடலாம் மச்சான். ஆனா பலகையை மூட்டிடணும்."

"என்னது?"

நுஃமான் பக்கத்திலிருந்த கைலித் துணியை உருவினான். "இது வெறும் துணி. இந்த ஓரத்தையும் அந்த ஓரத்தையும் சேத்துத் தைச்சா?"

"மூட்டின கைலி. யார்கிட்ட பாடம் எடுக்குற?"

"பலகையும் அப்படித்தான். இடது ஓரமும் வலது ஓரமும் மூட்டியாச்சு. மேல் ஓரமும் கீழ் ஓரமும் மூட்டியாச்சு. நெசமாத் தைக்க வேணாம், மனசுல. வலது பக்கம் வெளிய போனா இடது பக்கம் உள்ள வரும். மேல போனா கீழ வரும். ஓரமே கெடையாது."

"ரெண்டு பக்கமும் மூட்டினா மனுஷன் எப்படிடா கட்டுறது?"

"கட்ட வேணாம் மச்சான். ஆடினாப் போதும்."

ஜெய்னுதீன் யோசித்தார். ஓரம் இல்லை என்றால் மூலை இல்லை. மறுத்தால் சீட்டுக் குலுக்கல். வாயில் பேரம் தானாக ஊறியது.

"சரி. ஆனா உன் பலகை, உன் சட்டம். நான் உன் கடைக்குப் புது வாடிக்கை. புதுசா வர்றவனுக்கு ஏதாச்சும் போட்டுக் குடுக்கணுமில்ல? ஆட்டம் தொடங்கு முன்ன நான் கறுப்பு நாலு வெச்சுக்குவேன்."

நாலு கேட்டது இரண்டில் நிற்பதற்காக. கைவசம் மூன்று வாதங்கள் தயாராக இருந்தன. முதலாவதற்குத் தொண்டையைச் செருமினார்.

"சரி மச்சான்" என்றான் நுஃமான்.

ஒரு கணம் ஜெய்னுதீனின் கை, விரித்துப் பார்க்கத் துணியைத் தேடுவதுபோல் மேசை மேல் அலைந்தது. பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. இவன் ஒரே விலைக்காரன். பேரம் பேசத் தெரியாத பயல், கேட்டதைக் கொடுத்துவிட்டான். நாலு கல்! அன்று இரவு சாப்பாட்டின்போது சௌதாவிடம் சொன்னார்: "உன் தம்பியை வெச்சுக்கிட்டு பிரிக்ஃபீல்ட்ஸ்ல கடை நடத்த முடியுமா? நாலுன்னேன், நாலுக்கே குடுத்துட்டான்!"

"அப்படியா?" என்று சௌதா அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு உட்கார்ந்தார்கள். விற்பனைக்கு நிற்கும் அமுதவள்ளியிடம், "அக்கா, ஆள் வந்தா நீங்களே பாத்துக்குங்க" என்றான் நுஃமான். "ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு, பாக்க என்ன இருக்கு?" என்றாள் அவள். ஜெய்னுதீனுக்கு அந்தப் பதிலே ஒரு குத்து. ஆனால் இன்னும் ரெண்டு மணி நேரத்தில் அத்தனை ஸ்டிக்கரையும் நகத்தால் சுரண்டப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டார்.

பலகையில் மூலைகளுக்குப் பக்கத்தில் மூலைக்கொரு கறுப்புப் புள்ளி உண்டு. பதினாலு வருஷம் அவருக்குச் சோறு போட்ட புள்ளிகள். நாலு கல்லையும் அந்த நாலு புள்ளிகளில் டக், டக், டக், டக் என்று வைத்தார். ஓரம் இல்லாவிட்டால் என்ன, நாலு திசைக்கும் நாலு காவல்காரர்களை நிறுத்தியாயிற்று.

நுஃமான் முதல் வெள்ளைக் கல்லை நட்ட நடுவில் வைத்தான்.

"பொட்டல்ல போய் உக்காருறியே மாப்ள!"

ஜெய்னுதீன் ஒவ்வொரு மூலைக்கும் வேலி போட ஆரம்பித்தார். மேல் வலது மூலைக்கு இரண்டு கல். மேல் இடதுக்கு இரண்டு. கீழேயும் அப்படியே. பிறகு கீழ் ஓரத்தை ஒட்டி, மூன்றாம் கோட்டில் ஆறு கற்களை வரிசையாக நிறுத்தினார். அதற்குக் கீழே உள்ள இரண்டு கோடுகள் அவர் வீட்டுக் கொல்லைப்புறம். அதைக் கணக்கிலும் சேர்த்துவிட்டார்.

வரிசைக்கு மேலே வெள்ளைக் கற்கள் வந்து நின்றன. நிற்கட்டும். முன்வாசலில் நிற்பவன் கொல்லைக்கு எப்படி வருவான்?

நுஃமான் எழுந்து, மேசை மேல் கவிழ்ந்து, பலகையின் மறு கோடியில், மேல் ஓரத்தில் ஒரு கல்லை வைத்தான். அடுத்த முறையும் அங்கேதான். அதற்கடுத்த முறை, மேலே வைக்க வேண்டிய கல்லைக் கொண்டுவந்து ஜெய்னுதீனின் கொல்லைப்புறத்தில் வைத்தான்.

"ஏய், ஏய்! எங்கேருந்துடா இங்க வந்த?"

"மேலேருந்துதான். மூட்டியிருக்கு மச்சான்."

இப்படியே கல் கல்லாக வந்து முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் அடைத்துக்கொண்டதும் ஆறு கறுப்புக் கற்களுக்கும் மூச்சுவிட இடமில்லாமல் போயிற்று. நுஃமான் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து டப்பா மூடியில் போட்டான். பேரீச்சங்கொட்டையைத் துப்புவதுபோல் சத்தம்.

பரவாயில்லை. நாலு மூலையும் நம் கையில்தானே இருக்கிறது என்று ஜெய்னுதீன் கற்களை எண்ணினார். எண்ணிக்கை சரியாக இருந்தது. ஆனால் ஏதோ ஒன்று சரியில்லை. நாலு இடத்தில் வலுவாக இருக்கிற ஆளுக்குப் பலகை இவ்வளவு வெள்ளையாகத் தெரியக்கூடாது.

அப்போதுதான் சௌதா வந்தாள். பிளாஸ்க்கை வைத்தாள். இரண்டு பேருக்கும் டீ ஊற்றினாள். பிறகு வழக்கம்போல் ஸ்டூலில் உட்காராமல் வாசலுக்குப் போனாள். பிரம்பு நாற்காலியிலிருந்த மெத்தையை எடுத்துவந்தாள். அவருடைய எவர்சில்வர் குவளை, தொப்பி, மூக்குக் கண்ணாடிக் கூடு, அளவு போடும் மரக்கோல் என்று ஒவ்வொன்றாக எடுத்துவந்தாள். மேசையின் அந்தக் கோடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து எல்லாவற்றையும் அதன் நடுவில் வைத்தாள்.

"என்ன பண்ணுற?"

சௌதா துணியின் ஒரு மூலையைப் பிடித்தாள். எதிர் மூலையைப் பிடித்தாள். மற்ற இரண்டையும் பிடித்தாள். நாலையும் மேலே தூக்கி ஒன்றாகச் சேர்த்து முடிச்சுப் போட்டாள்.

ஜெய்னுதீன் அந்த முடிச்சைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். மறுபடியும் முடிச்சைப் பார்த்தார்.

வாழ்க்கையில் எத்தனை ஆயிரம் மூட்டை கட்டியிருப்பார்! ஓரங்களை எல்லாம் சேர்த்துவிட்டால் நாலு மூலையும் ஒரே இடம். துணியில் தெரிந்தது கல்லில் தெரியவில்லை. நாலு திசைக்கும் நிறுத்தியதாக நினைத்த நாலு காவல்காரர்களும் ஒரே கதவைச் சுற்றி, ஒருவர் முதுகை ஒருவர் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த ஒரே முடிச்சுக்குத்தான் நாலு முறை வேலியும் போட்டிருக்கிறார். வீடு முழுவதும் திறந்து கிடக்கிறது. பொட்டல் என்று அவர் சிரித்த இடம்தான் வீடு.

ஆனால் அவர் கேட்டது மூட்டையைப் பற்றி.

"யார் ஜெயிச்சதுன்னு தெரியறதுக்குள்ள மூட்டை கட்டுறியா?"

"நாலு கேட்டீங்க, குடுத்துட்டான்னு வீட்டுல வந்து சொன்னீங்க பாருங்க, அன்னிக்கே கட்டியிருப்பேன். மெத்தை கடையில இருந்துச்சு" என்றாள் சௌதா.

"அக்கா, வேணாம்" என்றான் நுஃமான், தலை நிமிராமல்.

"என்ன வேணாம்? ஏங்க, இவன் என்கிட்டதான் வந்து கேட்டான். மச்சான் எத்தனை கல்லு கேப்பாருன்னு. நாலு கேட்டு ரெண்டுல நிப்பாருன்னேன். நீ பேசாத, கேட்டதையே குடுத்துடு, நாலையும் கொண்டுபோய் நாலு மூலையில வெப்பாருன்னேன். பதினாலு வருஷமா டீ ஊத்துறேன். எனக்குத் தெரியாதா?"

"உன் தம்பிக்காக என்னை வித்துட்ட."

"தம்பிக்காகன்னு யார் சொன்னா?" சௌதா முடிச்சை இன்னொரு முறை இறுக்கினாள். "எங்க வாப்பா மஹர் பதினொண்ணு சொன்னப்ப நான் திரைக்குப் பின்னால நின்னேன். நீங்க அஞ்சுன்னீங்க. சபையில எல்லாரும் சிரிச்சாங்க. வாப்பா ஒம்போதுன்னாரு, எட்டுன்னாரு. ஒவ்வொண்ணா எறங்கும்போது என் தோழிங்க விரலை மடக்குனாங்க. சரி, போவட்டும், அது ஒரு நாள். அதைத்தான் முப்பத்தொரு வருஷமா வாசல்ல உக்காந்து வித்துக்கிட்டிருந்தீங்க, பத்து வெள்ளிக்கும் அஞ்சு வெள்ளிக்கும்."

"அது சும்மா வெளையாட்டுக்கு..."

"இதுவும் வெளையாட்டுத்தானே" என்று பலகையைக் காட்டினாள். "உங்களுக்கு ஒருத்தராச்சும் கேட்ட வெலைக்கே குடுக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. அவ்வளவுதான். டீ ஆறுது."

அமுதவள்ளி துணி மடிப்பதை நிறுத்தவில்லை, ஆனால் ஒரே துண்டைத்தான் மடித்துக்கொண்டிருந்தாள்.

ஜெய்னுதீன் ஆட்டத்தை விடவில்லை. விட்டால் ஒப்புக்கொண்ட மாதிரி. இன்னும் அறுபது, எழுபது கற்கள் வைத்தார். நடுவில் இறங்கி, கெஞ்சுகிற மாதிரியும் மிரட்டுகிற மாதிரியும் எல்லா இடத்திலும் தட்டிப் பார்த்தார். ஒரு இடத்தில் நுஃமான் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்ததுபோல் தெரிந்தது. அது தோற்றதைவிட எரிந்தது. எண்ணிப் பார்த்தபோது வெள்ளை இருபத்தொன்பது அதிகம்.

"மச்சான், வேணும்னா சாதாப் பலகையில இன்னொரு ஆட்டம்..." என்று இழுத்தான் நுஃமான்.

"ஒரே விலைன்னா ஒரே விலைதான் மாப்ள" என்றார் ஜெய்னுதீன். மூட்டையை எடுத்துக்கொண்டார். நாற்காலியை யாரும் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் கொம்யூட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போகிறார். முதல் நாள் மடியில் அந்த மூட்டை இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மலாய்ப் பெண்மணி சாப்பாடு என்று நினைத்துக்கொண்டு, "செடாப்பா?" என்று ருசியை விசாரித்துப் புன்னகைத்தாள். இவரும் தலையாட்டி வைத்தார். கிள்ளான் கடையில் ஸ்டிக்கர் கூடாது என்று சொல்லிவிட்டார், நுஃமானும் ஒத்துக்கொண்டான். மறுத்துப் பேசியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை டீ பிளாஸ்க் இப்போதும் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்குத்தான் போகிறது. கிள்ளானுக்கு வருவதற்குள் ஆறிவிடுமாம்.

மூன்றாவது வாரம், பண்டமாரானிலிருந்து இராஜம்மா என்றொரு பெண் மகள் கல்யாணத்துக்கு ஜவுளி பார்க்க வந்தாள். கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, கால்களை நன்றாக ஊன்றி உட்கார்ந்தாள். பேசத் தெரிந்தவள். பழைய நாளாக இருந்தால் ஜெய்னுதீன் அவளுக்கு ஒரு காப்பி சொல்லியிருப்பார். மயில் கழுத்து நிறச் சேலை ஒன்றை உருவி மேலே போட்டுக்கொண்டாள்.

"எவ்வளவுண்ணே?"

"இருநூத்தி நாப்பது."

"யம்மாடி! நூத்தி அம்பது தரேன்."

இந்த இடத்தில் அவர் நெஞ்சில் கை வைக்க வேண்டும். பிறகு, வாங்கின விலையே அதற்கு மேல் என்று அல்லாமேல் ஆணையிடாமல் ஆணையிடுவதுபோல் பேச வேண்டும். கடைசிப் பத்து வெள்ளிக்கு வரும்போது அந்தக் கதை. கதை நாக்கு நுனிவரை வந்தது. 'நான் நிக்காஹ் பேச்சுலயே...'

"எடுத்துக்கம்மா" என்றார்.

இராஜம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு சேலையைப் பார்த்தாள். எழுந்து போய் வாசல் வெளிச்சத்தில் அதை விரித்தாள். முந்தானையைத் திருப்பினாள், கரையை இரண்டு விரலால் தேய்த்தாள், உள்பக்கம் மூக்கை வைத்து முகர்ந்தாள்.

"இல்லண்ணே, வீட்டுல கேட்டுக்கிட்டு அப்பறம் வரேன்" என்று மடிக்காமல் வைத்துவிட்டுப் போனாள்.

ஜெய்னுதீன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சேலையின் ஒரு நுனியைப் பிடித்துத் தூக்கி, ஓட்டை எங்கே இருக்கிறது என்று அங்குலம் அங்குலமாகத் தேட ஆரம்பித்தார்.